"நல்லாத்தானே பேசினான்..!"
தலையில் அடிபட்டால் மூளைக்குள் நடப்பது என்ன?

தேங்காய் பறிக்கத் தென்னையில் ஏறியவர் பாதியில் கைநழுவி விழுகிறார். டியூஷன் முடிந்து பைக்கில் வந்த பையன் மணலில் சறுக்கி விழுகிறான். குளியலறையில் பாட்டி வழுக்கி விழுகிறார். விழுந்ததும் ஆள் கூடிவிடும். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார், இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார். விழுந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னதும்தான் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வரும்.

"நல்லாப் பேசுதான்லா... பயப்படாண்டாம். கொஞ்ச நேரம் ஒறங்கட்டு!"

நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை எந்த ஊரிலும் கேட்கக்கூடிய வார்த்தை இது. ஆசையோடும் அக்கறையோடும் சொல்வதுதான். ஆனால் தலையில் அடிபட்டவர் விஷயத்தில் இதைவிட ஆபத்தான வார்த்தை வேறு இல்லை. காரணம், மூளைக்கு அடி இரண்டு தடவை விழுகிறது. முதல் அடி, விழுந்த அந்த நொடியில். அதை எந்த டாக்டராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது அடி அதற்குப் பிறகு வருகிற நிமிஷங்களிலும் மணி நேரங்களிலும், ஏன், சில நாட்கள் வரைக்கும்கூட, சத்தமில்லாமல் விழுகிறது. பல பேருக்கு இந்த இரண்டாவது அடியைத் தடுத்துவிட முடியும். அது பக்கத்தில் இருக்கிற நம் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

சிரட்டைக்குள் வழுக்கை!

மனித மூளையின் எடை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ. எவ்வளவு மென்மையானது தெரியுமா? இளநீரை வெட்டினால் உள்ளே இருக்கும் இளம் வழுக்கையை நினைத்துக் கொள்ளுங்கள். அதைச் சுற்றி, சிரட்டை மாதிரி கெட்டியான மண்டை ஓடு. மூளைக்கும் ஓட்டுக்கும் இடையே இளநீர் மாதிரி தெளிவான ஒரு திரவம். மூளை, தண்டுவடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது மொத்தமே சுமார் 150 மில்லிதான். மூளை அந்தத் திரவத்தில் மிதந்து கொண்டிருக்கிறது.

வேகமாகப் போகிற பைக் கவிழ்ந்து தலை ரோட்டில் மோதினால், மண்டை ஓடு அங்கேயே நின்றுவிடும். உள்ளே மிதக்கும் மூளை நிற்காது. முன்னால் பாய்ந்து ஓட்டின் உள்பக்கத்தில் இடிக்கும். பிறகு பின்னால் வந்து எதிர்ப்பக்கத்திலும் இடிக்கும். அதனால்தான் பின்மண்டை தரையில் மோதி விழுந்தவருக்கு, நெற்றிப் பக்கத்து மூளை நசுங்கியிருப்பதை ஸ்கேனில் பார்க்கிறார்கள். தலை சுழன்று திரும்பினால் இன்னும் மோசம். மூளைக்குள் கம்பி மாதிரி ஓடும் நரம்பு இழைகள் இழுபட்டு அறுந்து போகும். வெளியே தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம்; ஆனால் ஆள் கண் திறக்க மாட்டார்.

"ரத்தம் வெளியே வந்துட்டு, இனி பயமில்ல" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெளியே கொட்டுவது தலைத்தோலில் உள்ள ரத்தம். அங்கே ரத்தக்குழாய்கள் அதிகம், அதனால் சின்ன வெட்டுக்கே குடம் குடமாகக் கொட்டுவது போலத் தெரியும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இரண்டாவது அடி எப்படி விழுகிறது?

காலில் அடிபட்டால் வீங்குகிறது. வீங்குவதற்கு அங்கே இடம் இருக்கிறது, தோல் இழுத்துக் கொடுக்கிறது. மூளையும் அப்படித்தான் வீங்கும். ஆனால் சிரட்டைக்குள் ஏது இடம்? வீக்கமோ, கட்டிய ரத்தமோ கூடக் கூட உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மூளைக்குள் புது ரத்தம் வருவது குறையும். ரத்தம் குறைந்தால் ஆக்ஸிஜன் குறையும். ஆக்ஸிஜன் குறைந்தால் மூளை இன்னும் வீங்கும். இப்படி ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளிக் கொண்டே போகும்.

மூளை நம் உடம்பு எடையில் 2 சதவிகிதம்தான். ஆனால் நாம் சுவாசிக்கிற ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவிகிதத்தை அது ஒன்றே எடுத்துக் கொள்கிறது. சேமித்து வைக்கிற பழக்கமும் அதற்குக் கிடையாது. ரத்த ஓட்டம் முழுதாக நின்றால் சில விநாடிகளில் மயக்கம் வரும். 4, 5 நிமிஷங்களில் செல்கள் சாகத் தொடங்கும். செத்த மூளைச் செல் வெட்டுக்காயத் தோல் மாதிரி மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளாது.

1993-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு டாக்டர்களையே திடுக்கிட வைத்தது. பலத்த தலைக்காயம் பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் ஒரே ஒரு தடவை 90-க்குக் கீழே இறங்கியிருந்தால்கூட, சாவு சுமார் இரண்டு மடங்காகியிருந்தது! அதனால்தான் இப்போதெல்லாம் ஆம்புலன்ஸிலேயே ஆக்ஸிஜனும் டிரிப்ஸும் தொடங்கி விடுகிறார்கள். தலைக்காயத்துக்கு வைத்தியம் மண்டையைத் திறப்பதில் ஆரம்பிப்பதில்லை. மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் காப்பாற்றுவதில்தான் ஆரம்பிக்கிறது.

பேசியவர் ஏன் மயங்குகிறார்?

இப்போது 'நல்லாத்தானே பேசினான்' விஷயத்துக்கு வருவோம். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கத்தை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிந்தால் அந்தக் குழாய் கிழியும். ரத்தம் கசிந்து, ஓட்டுக்கும் மூளையை மூடிய கெட்டியான உறைக்கும் நடுவே சேரும். முதலில் ஒரு சின்ன மயக்கம் வரலாம், வராமலும் போகலாம். பிறகு ஆள் தெளிந்து நன்றாகப் பேசுவார், காப்பி குடிப்பார், வீட்டுக்கு நடந்தே போவார். உள்ளே ரத்தம் மட்டும் சேர்ந்து கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கம்... பிறகு எழுப்பினாலும் எழும்ப மாட்டார்.

ஹாலிவுட் நடிகை நடாஷா ரிச்சர்ட்சனுக்கு நடந்தது இதுதான். 2009 மார்ச் 16-ந் தேதி கனடாவில், பனிச்சறுக்குப் பழகுகிற சாதாரணச் சரிவில் விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. எழுந்து சிரித்துப் பேசினார். வந்த ஆம்புலன்ஸையும் திருப்பி அனுப்பியாகி விட்டது. கொஞ்ச நேரத்தில் தலைவலி ஆரம்பித்தது. இரண்டே நாளில், மார்ச் 18-ல், 45 வயதில் இறந்து போனார். பணமோ, வசதியோ, நல்ல ஆஸ்பத்திரியோ இல்லாமல் அல்ல. முதல் சில மணி நேரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதில் நெஞ்சு பொறுக்காத விஷயம் என்னவென்றால், இந்த வகை ரத்தக்கட்டு சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் மிக நன்றாகக் குணமாகக் கூடியது. உள்ளே மூளை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ரத்தத்தை எடுத்துவிட்டால் ஆள் பழையபடி எழுந்து நடப்பார்.

தாத்தா பாட்டிக்கு வேறு கணக்கு

வயதான பிறகு மூளை கொஞ்சம் சுருங்கி விடும். ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். கதவு நிலையில் லேசாகத் தலை இடித்தாலே போதும், அவை கசியத் தொடங்கலாம். ரத்தம் சொட்டுச் சொட்டாக, வாரக்கணக்கில் சேரும். இடித்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். இரண்டு, மூன்று வாரமோ ஒரு மாதமோ கழித்து, பாட்டி பேச்சு மாறுவார். நேரம் காலம் தெரியாது. நடை தள்ளாடும். ஒரு கால் இழுக்கும். ராத்திரி படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும்.

"வயசாயாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். இருதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், தினம் மது குடிக்கிறவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்து விட்டால், 'மறதி நோய்' என்று நினைத்தவர் பேரன் பேத்தி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை எத்தனையோ வீடுகள் பார்த்திருக்கின்றன.

நெய்யூர் டாக்டரின் மூச்சு

மூச்சுப்பாதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்ம மாவட்டத்து டாக்டர் ஒருவரே சாட்சி. 1838-ல் தொடங்கிய நெய்யூர் மிஷன் மருத்துவப் பணியில் பிற்காலத்தில் சேர்ந்து, வயிற்றுப்புண் ஆபரேஷனுக்குப் பெயர் வாங்கியவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். மலையேறுவதிலும் மன்னர். 1924 ஜூன் 4-ந் தேதி, ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல், நார்ட்டன் என்பவரோடு எவரெஸ்ட் உச்சியை நோக்கி ஏறினார். நார்ட்டன் 28,126 அடி வரை போனார். சோமர்வெல் அதற்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டார். இறங்கும்போது குளிரில் வெந்து போயிருந்த அவர் தொண்டையின் உள்தோல் கழன்று மூச்சுப்பாதையை அடைத்துக் கொண்டது. மூச்சு வரவில்லை, கூப்பிடவும் குரல் இல்லை. சாவு நிச்சயம் என்று உட்கார்ந்து விட்டார். கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி ஒரு தள்ளுத் தள்ளினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது! அதற்குப் பிறகு பல வருஷம் நெய்யூரில் ஆயிரக்கணக்கான பேருக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

கவனியுங்கள். அந்த உயரத்துக் காற்றில் ஆக்ஸிஜன் நம்ம ஊரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். வாரக்கணக்கில் பழகியதால் அதையும் அவர் மூளை தாங்கியது. அடைத்த தொண்டையைச் சில நிமிஷங்களுக்கு மேல் தாங்கியிருக்காது. மயங்கிக் கிடப்பவருக்கு நாக்கு பின்னால் சரிந்தாலோ, வாந்தி தொண்டையில் நின்றாலோ இதே கதைதான். அவரால் நெஞ்சை அழுத்திக் கொள்ள முடியாது. பக்கத்தில் நிற்பவர்தான் பார்க்க வேண்டும்.

ஆசானா, ஆஸ்பத்திரியா?

நம்ம மாவட்டத்துக்கு இது முக்கியமான கேள்வி. வர்ம வைத்தியத்தின் தாய்வீடு இது. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவரை, அடிதடியில் மயங்கியவரை முதலில் ஆசான் வீட்டுக்குத் தூக்கிப் போய் 'இளக்குமுறை' செய்வது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். சுளுக்கு, பிடிப்பு, பழைய அடி வலி என்று ஆசான்களிடம் போய்ச் சுகமானவர்கள் எத்தனையோ பேர். அதை யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்பதைக் கை தொட்டுச் சொல்ல முடியாது. ஆசானாலும் முடியாது, எம்.பி.பி.எஸ். டாக்டராலும் முடியாது. ஸ்கேன் ஒன்றுதான் சொல்லும். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால், பெரிய பெரிய மூளை நிபுணர்களே ரத்தம் எங்கே இருக்கிறது என்று ஊகித்துத்தான் துளை போட்டார்கள். இன்னொரு பயமும் உண்டு. தலையில் பலமாக அடிபட்டவருக்குக் கழுத்து எலும்பும் முறிந்திருக்கலாம். தலையைத் தூக்கி உட்கார வைத்துத் தட்டினாலோ, கழுத்தைத் திருப்பினாலோ, முறிந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்கி, கை கால் விழுந்துவிடக் கூடும். ஆகவே முதலில் ஸ்கேன். உயிர் ஆபத்து தாண்டிய பிறகு, கை கால் பிடிப்புக்கு ஆசானிடம் போகலாமா என்பதை, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த அறிகுறி இருந்தால் நிமிஷம்கூடத் தாமதம் வேண்டாம்

* அடிபட்டதும் கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது. எப்படி விழுந்தோம் என்பதே ஞாபகம் இல்லை.
* ஒரு தடவைக்கு மேல் வாந்தி.
* கூடிக்கொண்டே போகும் தலைவலி.
* எழுப்பினால் எழும்பாத தூக்கம், குழப்பமான பேச்சு, காரணமில்லாத முரட்டுத்தனம்.
* வலிப்பு.
* ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது. பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது.
* ஒரு கை, கால் பலவீனம், வாய் கோணுதல்.
* மூக்கு அல்லது காதிலிருந்து ரத்தமோ, தண்ணீர் மாதிரி திரவமோ வடிதல். இது சளி அல்ல, மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம்.
* கைக்குழந்தை என்றால்: ஓயாத அழுகை, பால் குடிக்க மறுத்தல், தலையில் மெத்தென்ற வீக்கம், உச்சிக்குழி புடைத்தல்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், உயரத்திலிருந்து விழுந்தவர், வாகனத்தில் மோதியவர், 65 வயது தாண்டியவர், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர், குடித்திருந்தவர் ஆகியோரை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். "குடிச்சிருக்கான், போதையில கெடக்கான்" என்று ஓரமாகப் படுக்க வைத்து, காலையில் பார்த்தால் உயிரில்லை என்ற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. போதைக்கும் ரத்தக்கட்டுக்கும் வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றேதான்.

செய்ய வேண்டியதும், கூடாததும்

108-க்குப் போன் செய்யுங்கள். 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடும் இந்த ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் உண்டு, பயிற்சி பெற்ற ஆளும் உண்டு. ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டு போவதைவிடப் பத்து நிமிஷம் காத்திருப்பது பல சமயம் நல்லது.

அதுவரை ஆளை அசைக்காமல் படுக்க வையுங்கள். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். வாந்தி எடுத்தால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தலை, கழுத்து, உடம்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பக்கமாகத் திருப்புங்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். மண்டை ஓடு பள்ளமாகத் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் அழுத்த வேண்டாம்.

தண்ணீர், சோடா, காப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும். காயத்தில் காப்பித்தூளும் மஞ்சளும் அப்ப வேண்டாம். தலையைப் பிடித்து உலுக்க வேண்டாம். மூச்சு விடுகிறவருக்கு ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், தெரிந்தவர்கள் வரட்டும். தலைவலிக்கு என்று வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின், புரூஃபென் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

எந்த ஆஸ்பத்திரிக்கு? தலைக்காயம் என்றாலே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு ஓடுவது நம்ம பக்கத்துப் பழைய வழக்கம். 1956 வரை நாம் திருவிதாங்கூர்தானே! 2001-ல் ஆசாரிப்பள்ளத்தில் நமக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் உள்ள, பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவதுதான் முக்கியம். ஸ்கேன் இல்லாத இடங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினால் பொன்னான நேரம் போய்விடும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். கேரளாவிலிருந்து வந்தவர் இங்கே விழுந்தாலும் பொருந்தும். அடிபட்டவரைக் கொண்டு சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயமும் வேண்டாம். உதவியவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

கண் திறப்பது, பேசுவது, கை காலை அசைப்பது மூன்றுக்கும் மார்க் போடுவார்கள். 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இரண்டு பேர் வகுத்த கணக்கு இது. முழு மார்க் 15, குறைந்தது 3. எட்டோ அதற்குக் கீழோ என்றால் பலத்த காயம். இந்த மார்க் மணிக்கு மணி ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைத்தான் நர்ஸ் டார்ச் லைட்டும் கையுமாக வந்து பார்க்கிறார். "ஒறங்குகிற ஆளை எதுக்கு எழுப்புறீங்க?" என்று சண்டை போடாதீர்கள்.

ஸ்கேனில் பெரிய ரத்தக்கட்டு தெரிந்தால் ஆபரேஷன். மூளை வீங்கிக் கொண்டே போனால், அதற்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டின் ஒரு துண்டையே எடுத்து விடுவதும் உண்டு. அந்த எலும்பைப் பத்திரமாக, பல சமயம் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே, வைத்திருந்து, வீக்கம் வடிந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி பொருத்துவார்கள். பார்க்கிற வீட்டாருக்குப் பயமாக இருக்கும். ஆனால் சிரட்டைக்குள் இடம் இல்லை என்ற பிரச்னைக்கு அதுதான் வழி.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பினால், தூங்கலாம், தவறில்லை. ஆனால் முதல் 24 மணி நேரம் பொறுப்பான ஒருவர் கூடவே இருந்து, டாக்டர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பெயர், ஊர் கேட்டுப் பார்க்க வேண்டும். ஓரிரு நாள் ஓய்வு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பு, வேலை. தலைச்சுற்றலும் வலியும் முழுதாக நிற்கும் வரை விளையாட்டு மைதானம் பக்கம் பையனை அனுப்பாதீர்கள்.

"ஆளே மாறிட்டாரு!"

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பிப்பது இன்னொரு கதை. எந்த இடத்தில் அடியோ அதைப் பொறுத்து விளைவு. மூளையின் இடது பாதி கெட்டால் உடம்பின் வலது பக்கம் விழும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் போகும். பின்பக்கம் என்றால் பார்வை. பிடரிக்கு மேலே உள்ள சிறுமூளை என்றால் நடை தள்ளாடும். பொட்டுப் பக்கம் என்றால் ஞாபகசக்தி. வாசனை அடியோடு தெரியாமல் போவதும் உண்டு. கருப்பட்டி காய்ச்சும் மணமும் தெரியாது, காஸ் கசிவதும் தெரியாது! வலிப்பு மாதக்கணக்கு கழித்தும் வரலாம். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையில் அடிபட்டால் வருவதுதான் குடும்பத்தை உலுக்கும். பரம சாதுவாக இருந்தவர் சின்ன விஷயத்துக்குத் தட்டை வீசி எறிவார். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் கண்டவருக்கெல்லாம் பணத்தைக் கொடுப்பார். சிலர் எதிலும் ஆசையில்லாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். "திமிர்", "சோம்பேறித்தனம்", "செய்வினை" என்று ஆளுக்கொரு பெயர் வைப்போம். அது காயம் பேசுகிற பேச்சு.

அமெரிக்காவில் 1848-ல் ஃபினியஸ் கேஜ் என்ற 25 வயது ரயில்பாதை மேஸ்திரிக்கு, வெடி வைக்கும்போது மூன்றரை அடி நீள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. பிழைத்துக் கொண்டார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுமை போய், வாய்த்துடுக்கு வந்து, 'இது பழைய கேஜ் இல்லை' என்று நண்பர்கள் சொல்லும்படி ஆகிவிட்டார். குணத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு என்று உலகம் யோசிக்க ஆரம்பித்தது அவரால்தான். அந்தக் கதையின் மிச்சத்தைப் பலர் சொல்வதில்லை. பிற்பாடு அவர் தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் பல வருஷம் குதிரைக் கோச்சு வண்டி ஓட்டினார். தினமும் ஒரே நேரம், ஒரே வேலை, ஒரே பாதை என்ற ஒழுங்கு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றியிருக்கலாம் என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். 1860-ல்தான் இறந்தார்.

நம் வீட்டுக்கும் அது பாடம்தான். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, நடந்து வரப் பழக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கோபப்பட்டால் எதிர்த்துக் கத்தாமல் பேச்சை மாற்றுங்கள். செத்த செல் திரும்பாது என்றாலும், பக்கத்தில் உயிரோடு இருக்கும் செல்கள் புதுப் பாதை போட்டுக் கொள்ளும். அதற்குத்தான் பிஸியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும். முதல் ஆறு மாதம் தேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம், அதற்கு மேலும்கூட மெல்ல மெல்ல முன்னேறலாம். கவனித்துக் கொள்ளும் மனைவிக்கோ அம்மாவுக்கோ வாரத்தில் ஒரு நாளாவது யாராவது மாற்றிவிடுங்கள். அவர்களும் மனுஷர்கள்தானே!

அடிபடாமலே கெடும் மூளை

குளத்திலோ கடலிலோ மூழ்கி மூச்சு நின்றவர், பக்கவாதம் வந்தவர், பிரசவத்தில் உடனே அழாத குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்டவர் என்று அடியே படாமல் மூளை கெடுகிறவர்களும் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். சர்க்கரை மிகக் குறைந்து நீண்ட நேரம் மயங்கிக் கிடந்தால் மூளை பட்டினியில் கெடும். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அதுவும் அவசரம்தான்: அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. மூளைக்கு ஆக்ஸிஜனும் சர்க்கரையும் நிற்கக் கூடாது.

கைப்பிடியில் தொங்கும் ஹெல்மெட்

'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்கப் பைக்கைத் திருப்பி விழுந்தார். தலைக்கவசம் இல்லை. ஆறாவது நாள் இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். அந்தச் சாவு மனதை உறுத்த, பைக் விபத்துகளை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். அதே வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் பைக் ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இன்று உலகம் பூராவும் தலையில் இருக்கும் ஹெல்மெட்டுக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

ஹெல்மெட் தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 சதவிகிதமும், சாவைச் சுமார் 42 சதவிகிதமும் குறைப்பதாக, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். நம்ம ஊரிலோ அது கைப்பிடியில் தொங்குகிறது, போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது! ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையை மாட்டுங்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னால் பறந்து போய்விடும். ஒரு தடவை பலமாக அடிவாங்கியதைத் தூக்கிப் போடுங்கள். பின்னால் ஒருக்களித்து உட்காரும் பெண்கள் சேலைத் தலைப்பையும் சுடிதார் துப்பட்டாவையும் முடிந்து கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் பின்மண்டைதான் முதலில் தரையில் படும். குழந்தைக்கும் அளவான ஹெல்மெட் உண்டு.

மரம் ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திளாப்பும் கைப்பலமும் எவ்வளவு இருந்தாலும் மழை நனைத்த மரம் யாரையும் விடாது. இடுப்பில் கயிறு கட்டுவதை அவமானமாக நினைக்காதீர்கள். தேங்காய் வெட்ட ஆள் கூப்பிடும் வீட்டுக்காரர்கள், ஏறும் கருவியும் பெல்ட்டும் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். மழை பெய்து கொண்டிருந்தால், "நாளைக்கு வந்து வெட்டும், அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்புங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பியும், ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கும் இன்றைக்கே போட்டு விடுங்கள்.

இத்தனையையும் மீறி யாராவது விழுந்துவிட்டால், எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணுமில்ல' என்றாலும், அடுத்த 24 மணி நேரம் அவரைத் தனியாக விடாதீர்கள். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த ராத்திரியே வண்டியைக் கூப்பிடுங்கள்.